திரை யாருடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது?

குஜராத்தில் கியான் சாலா என்ற தொண்டு நிறுவனம் ஏழைக் குழந்தைகளுக்கான தொடக்கப் பள்ளிகளை நடத்திவருகிறது. அங்கே லீ லிண்டன் என்ற பொருளியல் ஆய்வாளர் கணினிவழிக் கணிதப் பயிற்சி ஒன்றை இரண்டு விதமாகச் சோதித்துப் பார்த்தார். ஒரு பிரிவில் குழந்தைகள் பள்ளி நேரத்துக்குள்ளேயே, வழக்கமான வகுப்பின் ஒரு பகுதியை விட்டுவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தார்கள். இன்னொரு பிரிவில் அதே பயிற்சி பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாகக் கிடைத்தது. 2008-இல் வந்த ஆய்வறிக்கையின்படி, கூடுதலாகப் பெற்றவர்களின் மதிப்பெண் 0.28 திட்ட விலக்கம் உயர்ந்தது. வகுப்புக்குப் பதிலாகப் பெற்றவர்களின் மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் சரிந்தது. புள்ளியியல் மொழியை விட்டுவிட்டுச் சொன்னால், நூறு பேரில் ஐம்பதாவதாக நின்ற குழந்தை கூடுதல் பயிற்சியால் நாற்பதாம் இடத்தருகே முன்னேறியது. வகுப்புக்குப் பதிலான பயிற்சியால் எழுபதையும் தாண்டிப் பின்னுக்குப் போனது.

மென்பொருள் ஒன்றுதான். குழந்தைகளும் ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து வந்தவர்கள்தான். கணினி எதை வெளியேற்றிவிட்டு உள்ளே வந்தது என்பதில்தான் வித்தியாசம். கியான் சாலாவின் வகுப்பு ஏற்கெனவே ஒழுங்காகத் திட்டமிட்டு நடத்தப்படும் நல்ல வகுப்பு. அதிலிருந்து பிடுங்கிய நேரத்துக்கு ஈடான எதையும் கணினியால் திருப்பித் தர முடியவில்லை.

டிஜிட்டல் கல்வி வரமா சாபமா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இந்த ஒரு சோதனையை நிதானமாகப் படித்தால் தலைப்பையே மாற்றிவிடுவார்கள். ஒரு கருவி வகுப்புக்குள் வரும்போது யாருடைய நேரம் வெளியே போகிறது, அந்த நேரத்தில் அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்காமல் அதன் பயனைப் பேச முடியாது.

இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே நாம் ஐம்பது ஆண்டுகள் ஓட்டிவிட்டோம். 1975 ஆகஸ்டிலிருந்து ஓராண்டு, அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனது. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகள், மாலையில் பெரியவர்களுக்கு. ஆண்டு முடிந்தது, செயற்கைக்கோளும் திரும்பிப் போனது. 1984-85இல் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் சுமார் 250 இந்தியப் பள்ளிகளுக்கு வந்தன. அதன்பின் வந்த ஒவ்வொரு அலையிலும் எத்தனை கருவிகள் கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் சுத்தமாக இருக்கிறது.

கருவியை எண்ணுவதன் பலவீனத்தைப் பெரு நாடு பெருஞ்செலவில் காட்டியது. ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற உலகளாவிய இயக்கத்தில் மிகப் பெரிய அளவில் இறங்கிய நாடு அது. எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை விநியோகித்தது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. கணினிகள் நிஜமாகவே போய்ச் சேர்ந்திருந்தன, குழந்தைகள் அவற்றைப் பயன்படுத்தவும் செய்தார்கள். அதாவது நம் ஊரில் வழக்கமாகச் சொல்லப்படும் ‘பெட்டியைப் பிரிக்கவே இல்லை’ என்ற குறை அங்கே இல்லை. ஆனாலும் பதினைந்து மாதங்கள் கழித்துச் சோதித்தபோது கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலிருந்து வந்த ஆய்வு இதைவிடக் கூர்மையானது. அங்கே மாகாண அரசின் ஒரே திட்டம் இரண்டு வடிவங்களில் நடந்தது. எட்டாம் வகுப்பில் கணிதம், அறிவியல் ஆசிரியர்களுக்கு டேப்லெட்டும், வகுப்பில் ஒரு பெரிய திரையும், பாடத்தோடு பொருந்தும் குறுங்காணொளிகளும், அவற்றைப் பாடத்துக்கு நடுவே எப்படிப் பயன்படுத்துவது என்ற சுருக்கமான பயிற்சியும் தரப்பட்டன. நான்கே மாதங்களில் மாணவர்களின் மதிப்பெண் ஏறத்தாழ 0.3 திட்ட விலக்கம் உயர்ந்தது. ஆறாம் வகுப்பிலோ ஆசிரியரை ஓரமாக விட்டுவிட்டு டேப்லெட்டை நேராக மாணவர் கையில் கொடுத்தார்கள். மதிப்பெண் 0.4 அளவுக்கு இறங்கியது. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைக்கு வைத்த தலைப்பே, ஆசிரியரை ஈடுபடுத்தியது பலன் தந்தது, அவரைத் தாண்டிப் போனது தரவில்லை என்ற பொருளில் அமைந்தது.

ஆசிரியர் சமூகம் இதை உடனே தன் வெற்றியாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த சான்று அத்தனை வசதியானதல்ல.

டெல்லியில் 2015-இல் கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகிய மூவர் நடுநிலைப் பள்ளி மாணவர் 619 பேரை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சிலர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு, பள்ளி முடிந்தபின் ‘மைண்ட்ஸ்பார்க்’ மையங்களுக்குப் போனார்கள். அங்கே முக்கால் மணி நேரம் மென்பொருள், முக்கால் மணி நேரம் சிறு குழுவாக ஒரு துணை ஆசிரியரோடு பயிற்சி. முதல் நாள் தேர்விலேயே ஆய்வாளர்களுக்குப் பெரிய செய்தி கிடைத்தது. ஆறாம் வகுப்பில் சராசரி மாணவர் கணிதத்தில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்; ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாகியிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, நான்காம் வகுப்புக் கணக்கே தடுமாறும் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு வரும். முன்வரிசையில் ஒருவருக்கு எட்டாம் வகுப்புக் கணக்கும் வரும். ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை, ஒரே பாடம். யாருக்கு நடத்துவது?

மையத்துக்குப் போகாத மாணவர்களில் கடைசி மூன்றில் ஒரு பங்கினர், நாலரை மாதப் பள்ளி வாழ்க்கையில் கணிதத்தில் ஒரு முன்னேற்றமும் காணவில்லை. பள்ளிக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள். மையத்துக்குப் போனவர்கள் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்கம் முன்னேறினார்கள். பின்தங்கியவரும் முன்னே நின்றவரும் ஏறக்குறைய ஒரே அளவில். மென்பொருள் செய்தது எளிமையான வேலை. ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து கணக்குக் கொடுத்தது. தப்பு வந்தால் அது எந்த வகைத் தப்பு என்று பார்த்து அடுத்த கணக்கைத் தேர்ந்தெடுத்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் எந்த மனிதராலும் ஒரு பாடவேளைக்குள் செய்ய முடியாத வேலை இது. இங்கே இயந்திரம் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை, ஏனென்றால் அந்த இடம் காலியாகவே கிடந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இவ்வளவு முன்னேற்றமும் பள்ளியின் கணிதத் தேர்வு மதிப்பெண்ணில் தெரியவில்லை. மூன்றாம் வகுப்புக் கணக்கிலிருந்து ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு ஏறிவிட்ட பிள்ளையை எட்டாம் வகுப்புத் தேர்வு எப்படிக் கண்டுகொள்ளும்? தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இந்தத் திட்டம் தோற்றுப்போன திட்டமாகவே தெரிந்திருக்கும்.

இனி, திரையை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் நாற்பது நிமிடத்தில் என்ன செய்யலாம் என்று கிட்டப் போய்ப் பார்க்கலாம். மின்சுற்றுப் பாடம். ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு கம்பிகள். ‘பல்புக்குப் போகும் கம்பியில் ஓடும் மின்னோட்டமும், பல்பைத் தாண்டித் திரும்பும் கம்பியில் ஓடும் மின்னோட்டமும் சமமா?’ என்று கேட்டால், ஓம் விதியை மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளிலும் பலர் திரும்பும் கம்பியில் குறைவாகத்தான் ஓடும் என்பார்கள். பல்பு எரிகிறதே, கொஞ்சம் கரண்டு செலவாகாதா? வீட்டுக்குக் கரண்டு பில் வருகிறதே? அவர்கள் தர்க்கத்தில் குறையில்லை. செலவாவது ஆற்றல் என்றும் மின்னூட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். மனத்தில் பழைய பல்புதான் எரிந்துகொண்டிருக்கும்.

இயற்பியலுக்கு 2001-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த ஆண்டே கொலராடோ பல்கலைக்கழகத்தில் ‘ஃபெட்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அறிவியல், கணிதக் கருத்துகளைத் திரையில் தொட்டு இயக்கிப் பார்க்கும் மாதிரிகள் அதில் இருக்கின்றன. காசு கிடையாது, பல மாதிரிகள் தமிழிலும் கிடைக்கின்றன, இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அதில் உள்ள மின்சுற்று மாதிரியில் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் சிறு உருண்டைகளாக ஊர்ந்து போவது தெரியும். பல்புக்கு முன்னும் பின்னும் அதே வேகம், அதே நெருக்கம். பல்புக்கு அப்பால் கம்பியைத் துண்டித்தால், முன்னால் உள்ள உருண்டைகளும் அந்தக் கணமே நிற்கும்.

ஆனால் இதைச் சும்மா போட்டுக் காட்டினால் பிள்ளைகள் ‘சூப்பர்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். விவரமான ஆசிரியர் முதலில் புரொஜெக்டரை அணைத்தே வைத்திருப்பார். கேள்வியைக் கேட்டு, ஒவ்வொருவரும் தன் விடையை நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்த வேலை என்பார். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்வார். அதன்பிறகு திரை. எழுதியது பொய்த்துப்போகும் அந்தக் கணத்தில் வகுப்பில் எழும் சலசலப்புதான் பாடம். பிறகு மறுபடி அணைத்துவிட்டு, ‘இரண்டாவது பல்பை அதே வரிசையில் சேர்த்தால்?’ என்று அடுத்த கேள்வி. நாற்பது நிமிடத்தில் திரை எரிந்தது பத்து நிமிடம் இருக்கலாம்.

இந்த மாதிரியைப் பயன்படுத்திய கல்லூரி மாணவர்களையும் நிஜக் கம்பி, நிஜ பல்போடு ஆய்வகத்தில் உட்கார்ந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் வெளிவந்தது. பின்னர் நிஜச் சுற்றை அமைத்து விளக்கச் சொன்னபோது திரையில் பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியது. நிஜக் கம்பி தனக்குள் நடப்பதைக் காட்டாது, திரைக் கம்பி காட்டும். இதை வைத்துக்கொண்டு ஆய்வகத்தைப் பூட்டிவிடலாம் என்று யாராவது கிளம்பினால் அது அபத்தம். பியூரெட்டைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விடும் பக்குவம் திரையில் வராது. தவளையைத் திரையில் பார்ப்பதும் குளத்தங்கரையில் பார்ப்பதும் ஒன்றல்ல. கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்கத் திரை, கையால் செய்ய வேண்டியதற்குக் கை.

வகுப்பில் கேள்வி கேட்டு, வாதாடவிட்டு, மறுபடி விடை கேட்கும் முறையை 1991-இல் ஹார்வர்டில் எரிக் மசூர் முறைப்படுத்தினார். மாணவர்கள் பொத்தானை அழுத்தி விடை சொல்லும் ‘கிளிக்கர்’ கருவி அதன் அடையாளமாகவே ஆகிவிட்டது. நதானியேல் லாஸ்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் ஒரு குறும்பான சோதனை செய்தார். ஒரு வகுப்புக்குக் கிளிக்கர், இன்னொரு வகுப்புக்கு ஏ, பி, சி, டி என்று அச்சிட்ட காகித அட்டை. கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் இல்லை என்பதே 2008-இல் அவர் வெளியிட்ட முடிவு. நன்மை செய்தது கேள்வியும் வாதமும். மின்கருவியால் ஆசிரியருக்கு எண்ணும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

அந்த மிச்சத்தை அற்பமென்று தள்ள வேண்டியதில்லை. ‘பிளிக்கர்ஸ்’ என்ற செயலிக்கு மாணவரிடம் எந்தக் கருவியும் வேண்டாம். கட்டம் கட்டமான குறியீடு அச்சிட்ட ஓர் அட்டையைப் பிள்ளை தன் விடைக்கேற்பத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியர் தன் கைபேசிக் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை சுழற்றினால் போதும். யார் என்ன விடை சொன்னார் என்று பதிவாகிவிடும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் தூக்கவும் வழியில்லை, ஏனென்றால் ஒவ்வோர் அட்டையின் குறியீடும் வேறு. ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டு, ‘புரிஞ்சுது சார்’ என்ற கூட்டுக்குரலை நம்பி அடுத்த பாடத்துக்குப் போகும் நம் பழக்கத்துக்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை. டேப்லெட்டை விட அட்டை மலிவு என்பதாலேயே இது எந்தத் திட்ட அறிவிப்பிலும் இடம்பெறாது என்பது வேறு விஷயம்.

திரை கெடுக்கும் வழியையும் சொல்ல வேண்டும். நம் பள்ளி, கல்லூரிகளில் மிகப் பரவலான டிஜிட்டல் கற்பித்தல், பாடநூலின் பத்திகளை ஸ்லைடில் ஏற்றி ஆசிரியர் அதையே சத்தமாக வாசிப்பது. கலிஃபோர்னியாவின் ரிச்சர்டு மேயர் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்த சோதனைகளில், படத்தோடு விளக்கத்தைக் காதால் கேட்பவர்கள் நன்றாகக் கற்கிறார்கள் என்றும், அதே சொற்களைத் திரையிலும் எழுத்தாகப் போட்டால் கற்றல் குறைகிறது என்றும் கண்டார். கண்ணும் காதும் ஒரே சொல்லைத் துரத்துவதில் மனத்தின் கொள்ளளவு தீர்ந்துபோகிறது. கரும்பலகையில் ஒரு வரைபடத்தைக் கோடு கோடாக வளர்த்துக்கொண்டே பேசும் ஆசிரியர், தெரியாமலே மேயர் சொன்னதைச் செய்கிறார்; அவரிடமிருந்து சாக்பீஸைப் பிடுங்கி ரிமோட்டைக் கொடுத்தால் நஷ்டம்தான்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் பறிபோகும் நேரம் ஆசிரியருடையது மட்டுமல்ல. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கணக்குப் பயிற்சியின்போது சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியில் மதிப்பெண் 48 சதவீதம் எகிறியது. கருவியை வாங்கிக்கொண்டு தேர்வு வைத்ததும், அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்களின் உதவியோடு மாற்றியமைத்த வடிவத்தில் இந்தச் சேதம் பெரும்பாலும் இல்லை. குஜராத்தில் கணினி, ஆசிரியரின் நேரத்தை எடுத்துக்கொண்டது. துருக்கியில் பிள்ளை முட்டி மோத வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டது. வீட்டுப்பாடத்தைக் கைபேசியிடம் கேட்டு எழுதும் பிள்ளையின் பெற்றோர் இந்த ஆய்வை மட்டுமாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கருவிக்குப் பஞ்சம் என்று இனிச் சொல்ல முடியாது. 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன. கணிதப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஜியோஜீப்ரா பயிற்சிகள் இருக்கின்றன. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும், தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளும், ஆசிரியர் கையில் டேப்லெட்டும் வந்துவிட்டன. குறியீட்டை ஸ்கேன் செய்ய வீட்டில் போன் வேண்டும் என்பதும், அந்த போன் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்பதும் கொரோனா காலத்தில் எல்லோரும் கற்ற பாடம். 2021-ஆம் ஆண்டு அசர் கல்வி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் ஸ்மார்ட்போன் உள்ள வீட்டுக் குழந்தைகளிலும் 26.1 சதவீதம் பேருக்கு அது படிக்கக் கிடைக்கவில்லை. ஆகவே வீட்டுக்கு என்று யோசித்த பலவற்றை வகுப்பறைத் திரைக்குக் கொண்டுவருவதே நியாயம்.

இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் அடிப்படைக் கருத்து. பிள்ளைகளின் நிலையை மதிப்பிட்டு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிலையிலிருந்து கற்பிப்பது. மதிப்பீடு செயலி வழியாக நடக்கும். டெல்லி மென்பொருள் தனியே செய்ததை இங்கே ஆசிரியரும் செயலியும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது கணக்கு. சரியான கணக்கு. ஆனால் செயலி கேட்கும் விவரங்களை ஒவ்வொரு பிள்ளைக்கும் தட்டிப் பதிவேற்ற வேண்டும்; கல்வித் துறையின் எமிஸ் தரவுத்தளத்துக்கான பதிவுகள் வேறு. பதிவேற்றும் வேலையிலேயே கற்பிக்கும் நேரம் கரைகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் திரும்பத் திரும்ப முறையிட்டிருக்கின்றன. பிள்ளை எங்கே நிற்கிறது என்று அறிய வைத்த கருவி, அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டால் அது கியான் சாலாவின் முதல் பிரிவுதான்.

தரவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதையும் கவனியுங்கள். வகுப்பிலிருந்து தலைமையகத்துக்கு அது நொடியில் போய்விடுகிறது. ‘உன் வகுப்பில் இந்த ஏழு பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை, அதில் நான்கு பேர் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைத்தான் கழிக்கிறார்கள், மேலே கீழே பார்ப்பதில்லை’ என்று மறுநாள் காலையில் ஆசிரியரிடம் வந்து சேர வேண்டும். அப்படி வந்தால்தான் அந்த நான்கு பேரைத் தனியே கூப்பிட்டு, குச்சிக் கட்டுகளை வைத்து, பத்தைப் பிரித்துக் காட்ட அவரால் முடியும். அந்தக் கடைசி வேலைக்கு டிஜிட்டல் எதுவும் தேவையில்லை, இருபது நிமிடம் தேவை.

கல்வித் துறையிடம் கேட்பதற்கு மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மூன்றும் புதிய கொள்முதல் அல்ல. பதிவேற்றும் வேலையை ஆசிரியரிடமிருந்து எடுத்து, அதற்கென்று ஆள் போடுங்கள். ஒரே பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து, எந்தப் பாடத்தில் எந்தப் பத்து நிமிடத்துக்குத் திரை வேண்டும் என்று முடிவு செய்ய வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். ஒவ்வொரு மதிப்பீட்டின் முடிவையும், தலைமையகத்துக்குப் போகும் அதே நாளில், பிள்ளையின் பெயரோடும் தப்பின் வகையோடும் வகுப்பாசிரியருக்கு அனுப்புங்கள். இவை மூன்றும் நடக்கும்வரை அடுத்த டேப்லெட் டெண்டரை நிறுத்தி வைத்தாலும் மாணவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.